வெளிச்சம் பட்ட பூக்கள்

மே 6

அன்புள்ள சித்திரக்காரிக்கு,

நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது அல்லவா? உன் விசாவுக்கு மனுக் கொடுத்துவிட்டேன். செப்டம்பரில் நீ இங்கே இருப்பாய்.

எங்கள் மருந்துக் கம்பெனி இந்த வருடம் அரசு அனுமதியோடு வெப்பமண்டலக் கஞ்சா ரகம் ஒன்றை வளர்க்கிறது. செடி ஆள் உயரத்தைத் தாண்டுகிறது. இலைகள் ஒல்லி ஒல்லியான விரல்கள். பூங்கொத்து என் முழங்கை நீளம். ஆனால் முதல் அறுவடையைக் காயவைத்து நிறுத்தால் எடையே இல்லை. யாரோ கிள்ளுகிறார்கள். வேறு யார், என்னோடு தங்கியிருக்கும் பாட்டுக்காரன்தான். வேலையின்போது எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். பாடுகிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? அதற்காகத்தான் பாடுகிறான்.

பூக்கும் காலத்தில் இந்தச் செடிகளுக்குத் தினமும் பாதி நாள் கும்மிருட்டு வேண்டும். அப்போது அறைக்குள் யாரும் போகக் கூடாது. திருடுவதற்கு அதைவிட வசதியான நேரம் உண்டா? மேற்பார்வையாளன் என்பதால் சாவி என்னிடம் இருக்கிறது. பெரிய டார்ச்சோடு தினமும் போய் வரிசை வரிசையாக அடித்துப் பார்க்கிறேன். இன்னும் சிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் அங்கே வந்தாராமே. வாசலில் ஆண் செருப்பு ஒன்று கிடந்ததாம். யாருடையது?

உன் அத்தான்

•

மே 19

அன்புள்ள அத்தானுக்கு,

செருப்பு, குழாய் சரிசெய்ய வந்தவருடையது. அதற்கு முன்னால் சமையலறையில் குளம் கட்டியிருந்தது. அதை உங்கள் அண்ணன் சொல்லவில்லை போலிருக்கிறது. பாவம், அவருக்கு மணியை அழுத்துவதற்கு முன்பே குனிந்து செருப்புகளை எண்ணுகிற வேலை இருக்கிறது. ஜன்னல் வழியாக நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது.

பாட்டுக்காரரை விட்டுவிடுங்கள். தாவரவியல் புத்தகத்துக்காக அந்த ரகத்தை நான் வரைந்திருக்கிறேன். குட்டை ரகங்களில் பூக்கள் மூடிய கை போல இறுகியிருக்கும். இதில் தண்டு நீளமாக ஓடும், பூக்கள் இடம் விட்டு உட்காரும். ஒவ்வொரு பூவும் ஒரு பச்சை உறை, அதிலிருந்து இரண்டு வெள்ளை இழைகள், அவ்வளவுதான். பழைய பூவின் தலையில் புதுப்பூ ஏறி உட்கார்ந்துகொண்டே போவதால் கொத்து பெரிதாகத் தெரியும். நடுவில் இருப்பது வெறும் காற்று. காற்றை எந்தத் தராசு நிறுக்கும்? உங்களிடம் யாரும் எதையும் திருடவில்லை.

செப்டம்பரை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

உங்கள் சித்திரக்காரி

•

ஜூலை 10

அன்புள்ள சித்திரக்காரிக்கு,

காற்று என்று கேலி செய்தாயே, இப்போது என்ன சொல்கிறாய்? பூக்களுக்குள் விதை இருக்கிறது!

இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்று உனக்குத் தெரியும். எங்கள் அறையில் இருப்பவை எல்லாம் பெண் செடிகள். விதை பிடித்த பூ மருந்துக்கு ஆகாது, மொத்தமும் குப்பைதான். யாரோ வெளியிலிருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்து தூவியிருக்க வேண்டும். யார் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். பாட்டுக்காரனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் விசாரணை, அதோடு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாளாம். அதையெல்லாம் செய்வதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டும்.

அவன் பையையும் படுக்கையையும் இரண்டு தடவை சோதித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கெட்டிக்காரன். அவன் கோபப்படவும் இல்லை. "என் பையை எத்தனை தடவை வேணும்னாலும் பாருங்க சார். ஒரு தடவை செடியையும் பாருங்க" என்று மட்டும் சொன்னான்.

சாட்சிக்கு நான் எடுத்த பூவின் படம் ஒன்றை உனக்கும் வைத்திருக்கிறேன். விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் இதே உறையில் இருக்கிறது.

உன் அத்தான்

•

ஜூலை 21

அன்புள்ள அத்தானுக்கு,

படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். மூன்றாவது கொத்தின் இடுக்கில், வெள்ளை இழைகள் வாடிப் பழுப்பான இடத்துக்குச் சற்று மேலே, மஞ்சளாக, குட்டி வாழைச் சீப்பு போல ஒன்று தெரிகிறது. அது மகரந்தப் பை. பெண் செடியே ஆண் உறுப்பையும் விட்டிருக்கிறது. யாரும் எதையும் கொண்டுவரவில்லை.

இந்த ரகம் மாதக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும். அப்போது இருட்டைக் கலைத்தால் செடி மிரண்டு இப்படிச் செய்துவிடும். இருட்டில் வெளிச்சம் அடித்தது யார் என்று உங்களைக் கேட்க வேண்டியதில்லை. மே மாதக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

தயவுசெய்து போய்ச் செடியைப் பாருங்கள். பார்த்துவிட்டு, விசாரணைக்கு முன்னால் மேலாளரிடம் சொல்லுங்கள். தப்பு யாருக்கும் வரும். சொல்லிவிட்டீர்கள் என்று தெரிந்தால் நான் நிம்மதியாக விமானம் ஏறுவேன்.

உங்கள் சித்திரக்காரி

•

ஆகஸ்ட் 2

அன்புள்ள சித்திரக்காரிக்கு,

பார்த்தேன். நீ சொன்னது சரிதான். நான் நடந்த வரிசைகளில்தான் மஞ்சள் அதிகம் இருக்கிறது.

ஆனால் இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது? தடை செய்த நேரத்தில் டார்ச்சோடு போனேன் என்று தெரிந்தால் என் வேலை போகும். வேலை போனால் வீடு போகும், உன் விசாவும் போகும். வாயை மூடிக்கொண்டு இருப்பதே உனக்காகத்தான். அவன் எப்படியும் பெட்டி கட்டிவிட்டான். இப்போதெல்லாம் பாடுவதும் இல்லை. நாங்கள் தங்கும் அறையில் அப்படி ஒரு அமைதி, எனக்கே தூக்கம் வரவில்லை.

இன்னொரு விஷயம். முன்பின் பார்க்காத ஒருவனுக்காக நீ ஏன் இவ்வளவு வாதாடுகிறாய்? அவனை உனக்கு ஏற்கெனவே தெரியுமா? அவன் உனக்குக் கடிதம் எழுதுகிறானா? போன ஞாயிறு அண்ணன் வந்தபோது வீடு பூட்டியிருந்ததாம். எங்கே போயிருந்தாய்?

உன் அத்தான்

•

ஆகஸ்ட் 13

அத்தானுக்கு,

உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் ரொம்ப நேரம் அழுதேன். இத்தனை வருடமும், உங்களுக்கு என்மேல் இருப்பது பிரியம், அதனால்தான் இந்தச் சந்தேகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். இனி அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

ஞாயிறு எங்கே போயிருந்தேன் என்று கேட்டீர்கள். நீங்கள் மேலாளரிடம் சொல்லாமல் விட்டால் நான் தனியாக இருக்க ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன்.

நீங்கள் அனுப்பிய படத்தை வைத்து அந்தப் பூவைப் பெரிதாக வரைந்தேன். பச்சை உறை, வாடிய இழைகள், நடுவில் அந்த மஞ்சள் பை. அது என்ன, பெண் செடியிலேயே எப்படி முளைக்கும் என்று பக்கத்திலேயே எழுதி, உங்கள் மேலாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். விசாரணைக்கு முன்னால் கிடைத்துவிடும். டார்ச்சைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

பாட்டுக்காரரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானே அவரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். இந்த வீட்டுச் சாவி கீழ்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. உங்கள் அண்ணனுக்கு இனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வு என்று சொல்லிவிடுங்கள். வந்தாலும் எண்ணுவதற்கு வாசலில் என் செருப்புகூட இருக்காது.

இப்படிக்கு,
சித்திரக்காரி