வாலுள்ள புழுக்களும் நான் சொன்ன பொய்யும்

என் பாசத்துக்குரிய ராத்தா,

நீங்கள் மவுத்தாகி, உங்களை அடக்கம் செய்து சில மாதங்களாகிவிட்டன. கட்டுகஸ்தோட்டை வீட்டில் கொய்யா பூத்திருக்கிறது. நீங்கள் ஆசையாக ஆராய்ந்த உங்கள் ஈக்கள் வந்து மொய்க்கின்றன. இது இன்ன ஈ என்று பெயர் சொல்லத்தான் ஆளில்லை. ஒரு காரியம் சொல்ல வேண்டும். உங்கள் தம்பிக்கு அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் நம் ஒழுங்கையில் டெங்கு. பக்கத்து வீட்டு பரீனாவின் மகளையும் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்தார், பின்னால் அயலவர்கள், பரீனாவும். பலா மரத்தடியில் ஈக்கள் முட்டையிட நீங்கள் வாழைத்தண்டை அழுகவிட்டிருந்த தண்ணீர்ப் பேசினை நான் மறந்தே போயிருந்தேன். அவர் குச்சியால் கிளறினார். நீண்ட வாலோடு புழுக்கள் நெளிந்தன.

"இது என்ன புழு? யாரு வளக்கிறது?"

எனக்குத் தெரியும், ராத்தா. அது வாலில்லை, மூச்சுக் குழாய் என்று நீங்கள்தானே காட்டினீர்கள்? வளர்ந்தால் தேனீ போலவே இருக்கும், கொட்டாது. "ரெண்டு செட்டைண்டா ஈ, நாலுண்டா தேனீ" என்று சிறகை எண்ணிக் காட்டிச் சிரிப்பீர்கள்.

ஆனால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"எனக்கு ஒண்டும் தெரியாது. மவுத்தான ராத்தா வெச்சது. கடைசியில அவங்களுக்குக் கொஞ்சம் மனம் சரியில்ல" என்றேன்.

பரிசோதகர் பேசினைக் கவிழ்த்தார். அது நியாயம்தான், டெங்குக் காலத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. நான் சொன்னதற்கு என்ன நியாயம்?

பரீனாவின் மகள் சுகமாகி வந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். தேநீரை வைத்துவிட்டு, வழக்கம்போல அண்ணன் முறை சொல்லி அவர் கேட்டார்.

"நானா, அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னீங்க? அந்தப் புழு என்னண்டு எனக்கும் காட்டியிருக்கிறாங்க. அவங்கட மனசுக்கு ஒரு கொறையும் இருக்கல்ல."

"ஆக்கள் சிரிப்பாங்கண்டு பயந்துட்டேன்."

"நானும் கேட்டுக்கிட்டுத்தானே நிண்டேன். வாய் தொறக்கல்லயே."

இருவரும் தேநீரைத் தொடவில்லை.

நீங்கள் கேட்டிருந்தால் கோபித்திருப்பீர்களா? இல்லை, புழுக்கள் என்னவாயின என்றுதான் முதலில் விசாரித்திருப்பீர்களா?

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், அன்று நின்ற ஆண்களிடம் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்வேன்: என் ராத்தா கடைசிவரை தெளிவாகவே இருந்தார், பொய் சொன்னவன் நான். பெண்களிடம் சொல்வதைப் பரீனா ஏற்றுக்கொண்டார். சிரிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

உங்கள் முகத்தை நினைக்கவே கூசுகிற,
கூடப்பிறந்த தம்பி நஸீர்