பால் கறக்கும்போது பாடும் பாட்டு

அபெரிஸ்ட்வித்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். நூலகப் படிக்கட்டில் கவிஞர் ப்ரோதரோவின் நூல்களைச் சுமந்து இறங்கும்போது கால் பிசகியது, வீக்கம் வடிந்துவிட்டது. கவிதை, இலக்கணம், அகராதி என்று நம் வெல்ஷ் மொழிக்கு ஒரே மனிதர் இத்தனை எழுதியிருக்கிறாரே!

விஷயம் கேள்விப்பட்டு மறுநாள் அவரே என்னைப் பார்க்க வந்தார். "என் புத்தகத்தால அடிபட்ட முதல் ஆள் நீதாம்மா. படிச்சவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று சிரித்தார். குரலில் வருத்தம் இருந்தது.

"உங்க ஆட்டுக்குட்டிப் பாட்டை எங்கம்மா பால் கறக்கறப்போ பாடுவாங்க. யாரோ அந்தக் காலத்துல கட்டினதுன்னு நெனச்சிருக்காங்க" என்றேன்.

அவர் கண் கலங்கியது. "என் பேரே தெரியாமப் பாடறாங்களா? இதுக்கு மேல என்ன வேணும்!"

கம்பளிக் காலுறையோடு, நீங்கள் அந்தப் பாட்டைப் பாடிய கேசட் ஒன்றும் அனுப்புங்கள். அவர் கேட்டதாக எழுத நினைத்தேன். இல்லை அம்மா, எனக்குத்தான் வேண்டும். தபால்காரர் நிற்கிறார்.

லோவ்ரி