தாய்வீட்டில் பிறந்தவர்கள்

கரோல் பாக்,
புதுதில்லி.
9-8-1976

அன்புள்ள அம்மாவுக்கு விசாலம் அநேக நமஸ்காரம். நான் சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. ஆனாலும் சௌக்கியம்தான். வாந்தி நின்றுவிட்டது. சாயங்காலமானால் கால் மட்டும் வீங்குகிறது. இவர் ஆபீசுக்குக் கிளம்புமுன் பால் காய்ச்சி வைத்துவிட்டுத்தான் போகிறார். நீ அனுப்பிய நார்த்தங்காய் தீர்ந்துவிட்டது. பாதி இவர் தின்றது. மசக்கை யாருக்கு என்பதே அவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது.

அப்பாவின் கடிதமும் வந்தது. இந்த மாதக் கடைசிக்குள் ஜி.டி. எக்ஸ்பிரஸில் கிளம்பச் சொல்லியிருக்கிறார். தானே சென்ட்ரலுக்கு வந்து மாயவரத்துக்கு அழைத்துப் போகிறாராம். அம்மா, நான் வரவில்லை. இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. இந்த மாதம் வேலையை விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது, இந்த மாதம் தாண்டினால் ரயில் ஏறக்கூடாது என்கிறாள் டாக்டர். ஆகையால் பிரசவம் இங்கேதான். கோபத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிடாமல் முழுக்கப் படி.

மலையும் ஆறும் வரைகிற வேலை என்று நீ அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். என் பூகோளத்தில் மலையே கிடையாது. ஜனங்கள் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறார்கள், எப்போது, எதற்காக, எத்தனை பேர் தங்கிவிடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. இந்த வருஷம் எங்கள் துறைக்குச் சர்க்காரிடமிருந்து வந்திருப்பது குடிசைப் பகுதிகளின் கணக்கு. குடிசைகளை இடித்துவிட்டு, எழுபதாம் வருஷத்துக்கு முன்னால் தில்லிக்கு வந்தவர்களுக்கு மட்டும் யமுனைக்கு அக்கரையில் மனை கொடுப்பார்களாம். பிறகு வந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. யார் எப்போது வந்தார்கள் என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

எந்த வருஷம் வந்தாய் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. பிள்ளைகளின் வயது மட்டும் தெரியும். அதனால் எங்கள் பேராசிரியர் சக்சேனா ஒரு வழி வைத்திருக்கிறார். வெளியூரில் பிறந்த பிள்ளைகளில் எது கடைக்குட்டியோ, அது பிறந்த பிறகுதான் குடும்பம் தில்லிக்கு வந்தது என்று எடுத்துக்கொள்வார். புத்தகத்தில் உள்ள முறைதான். ராஜஸ்தான்காரர்களுக்குச் சரியாகவே வந்தது. நம் தமிழ்க்காரர்கள் இருக்கும் சந்து மட்டும் ஏறக்குறைய முழுவதும் புதிதாக வந்தவர்கள் என்று விழுந்தது. நானும் அதை வண்ணம் தீட்டி மேப்பில் போட்டுவிட்டேன்.

அந்தச் சந்தில் பொன்னி என்று ஒருத்தி. கள்ளக்குறிச்சிப் பக்கம். அவளும் புருஷன் கலியனும் கட்டட வேலைக்கு மண் சுமப்பவர்கள். கணக்கில் விட்டுப்போன ஒரு வீட்டைப் பார்க்கப் போன வாரம் போயிருந்தேன். என் வயிற்றைப் பார்த்துவிட்டு, ஊருக்கு எப்போது போகிறாய் என்று விசாரித்தாள். இன்னும் முடிவாகவில்லை என்றேன். அவளுக்கு ஆச்சரியம். “நான் ரெண்டுக்குமே எங்க அம்மா வூட்டுக்குத்தான் போனேன். பெத்து எடுத்துக்கிட்டு மூணாம் மாசம் டில்லிக்கே வந்துட்டேன்” என்றாள்.

எனக்குத் தலை சுற்றியது, அம்மா. கர்ப்பத்தால் இல்லை. அவளுடைய சின்னவனுக்கு ஐந்து வயது. அவன் பிறந்தது கள்ளக்குறிச்சியில் என்பதால் அவள் எழுபத்தொன்றுக்குப் பிறகு வந்தவள் என்று எழுதியிருக்கிறோம். அவளோ கல்யாணமான கையோடு, அறுபத்தைந்திலேயே வந்தவள். அந்தச் சந்தில் எல்லாப் பெண்களும் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்வந்தவர்கள். உன் பேச்சைக் கேட்டு நான் கிளம்பி வந்தால், என் குழந்தையும் மாயவரத்திலிருந்து தில்லிக்குக் குடியேறியதாகத்தான் கணக்கில் வரும்.

உடனே பேராசிரியரிடம் போனேன். ஒரு ஜாதி ஜனத்தின் பழக்கத்துக்காக முறையை மாற்ற முடியாது என்றார். நான் விடவில்லை. கடைசியில், செப்டம்பர் முடிவதற்குள் சந்து முழுவதும் மறுபடி விசாரித்து, அதிகாரிகள் ஒப்புக்கொள்ளும்படி வருஷத்தை நிரூபித்தால் திருத்தலாம் என்றார். தில்லிக்கு வந்து முதலில் எங்கே உலை வைத்தாய், அப்போது உன் புருஷன் எந்தக் கட்டடத்துக்கு மண் சுமந்தான் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டு வருகிறேன். கட்டடம் தெரிந்தால் வருஷம் தெரிந்துவிடும். துறையில் தமிழ் தெரிந்த இன்னொருவர் மகாதேவன்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பொன்னி பேசுவது அவருக்குப் பாதி புரியாது, பிரசவத்தைப் பற்றி ஆண்பிள்ளையிடம் அவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். நான் கிளம்பிவிட்டால் இதை யாரும் செய்யப் போவதில்லை. ரோடுக்கு அந்தப் பக்கம் இருந்த குடிசைகளைப் போன வாரமே தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் கடிதத்தில் எழுதாதே, எமர்ஜென்சி சமயம், காலம் சரியில்லை என்கிறார் இவர். சர்க்கார் உத்தியோகம், அவர் பயம் அவருக்கு. பெற்ற தாய்க்கு எழுதவும் பயப்பட வேண்டுமா என்று கேட்டேன். அவர் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

நீ ருக்மிணி அக்காவை நினைத்துத்தான் இத்தனை பிடிவாதம் பிடிக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா. அவளும் நாக்பூரிலேயே பிரசவம் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் எழுதினாள். நீயும் சரி என்று பதில் போட்டாய். பிரசவத்தில் அவள் போனதற்கு அந்தப் பதில் காரணமில்லை, அம்மா. இதை நேரில் சொல்ல எனக்கு இதுவரை வாய் வரவில்லை. நீ அன்றிலிருந்து வடக்கே போகிற ரயிலில் ஏறவே இல்லை.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. சந்தில் திரியும்போது தெரிவதில்லை. வீட்டுக்கு வந்து படுத்ததும் தெரிகிறது. ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தாகிவிட்டது, நல்ல டாக்டர், எல்லாம் சரி. ஆனால் குழந்தை புரளும்போது உன் கை பக்கத்தில் வேண்டும் போலிருக்கிறது.

பொன்னியின் சந்தை விட்டுவிட்டு நான் வர முடியாது. அதனால் நீ வா. அப்பாவுக்குச் சமைத்துப் போட அத்தை இருக்கிறாள். சென்னையில் அப்பா ஏற்றிவிட்டால் போதும், இங்கே நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன். ஆசீர்வாதத்தைக் கடிதத்தில் அனுப்பாதே, கையோடு கொண்டு வா. வழியில் நாக்பூர் வரும். வண்டி அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். நீ இறங்க வேண்டாம், வெளியே பார்க்கவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு, எனக்கு இன்னொரு பெண் இருக்கிறாள் என்று மட்டும் நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்
விசாலம்