எல்லா வண்டிக்கும் ஒரே சாவி

மார்ச் 2, வியாழன்

இந்த நோட்டைப் பிறகு யாராவது பிரித்துப் பார்த்தால், எழுத்து கோணலாக இருக்கிறதே என்று சிரிக்க வேண்டாம். இது எழுபத்து மூன்று வருடம் மண்வெட்டியும் ஆட்டுக் கத்தரியும் பிடித்த கை. பேனா இதற்கு மிகவும் மெல்லிசு. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் இரண்டு ஆடுகளுக்குக் குளம்பு வெட்டிவிடுவேன். ஆனாலும் எழுதுகிறேன்! என் பெயர் மலாக்கி டக்கன். இதோ, நானே எழுதினேன்.

எழுதப் படிக்கக் கற்றுத்தரும் செவ்வாய் வகுப்பில் கிராண்யா டீச்சர் தினமும் ஏதாவது எழுதச் சொன்னாள். நடந்ததை மட்டும், முழு வாக்கியமாக, உண்மையாக. சரி, நடந்தது இது. செவ்வாய்க்கிழமை நான் நூலகத்தில் வகுப்பில் இருந்தபோது என் ஆட்டு டிரெய்லரையும் மரம் அறுக்கும் மெஷினையும் திருடிவிட்டார்கள். குட்டி ஈனும் காலம். டிரெய்லர் இல்லாமல் நான் என்ன செய்வேன்? நாலு சக்கர பைக்கும் பழைய சிவப்பு டிராக்டரும்தான் மிச்சம். அவையும் போனால் மலையில் கிடக்கும் ஆடுகளுக்குத் தீனி கொண்டுபோக வழியில்லை. மந்தையை விற்க வேண்டியதுதான்.

யார் எடுத்தது? எனக்குத் தெரியும். லோர்கன் குரோர்க். சந்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறவன்.

மார்ச் 3, வெள்ளி

லோர்கன் ஏன் என்று நேற்று எழுதவில்லை. கை வலித்தது.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஆட்டுச் சந்தையில் ஒரு தாளை என் கையில் கொடுத்தார்கள். படிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றேன். லோர்கன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “மலாக்கி, தாளைத் திருப்பிப் பிடி. தலைகீழா இருக்கு” என்றான். சந்தையே சிரித்தது. ஆடுகள்கூடச் சிரித்ததுபோல் இருந்தது.

அன்றிலிருந்து அவனுடன் பேச்சு இல்லை. திட்டுவதைப் பேச்சு என்று நான் சேர்ப்பதில்லை.

மார்ச் 4, சனி

ஊர் மண்டபத்தில் பொருள்களுக்கு அடையாளம் குத்தினார்கள். ஒரு சின்ன மெஷின், மரங்கொத்தி மாதிரி. ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள அஞ்சல் குறியை இரும்பில் புள்ளி புள்ளியாகக் கொத்திவிடும். திருட்டுப்போன பொருள் எங்கே கிடைத்தாலும் யார் வீட்டுடையது என்று போலீஸ் கண்டுபிடித்துவிடும். பைக், டிராக்டர், மண்வெட்டி, பால் வாளி எல்லாவற்றுக்கும் குத்தி வாங்கிக்கொண்டேன். ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்தேன். ஏழு எழுத்து. ஏழும் என்னுடையவை!

லோர்கன் வேடிக்கை பார்க்க வந்தான். அவன் டிராக்டரைக் கொண்டுவரச் சொன்னார் காவலர் டேலி. “என் வண்டிய எவன் திருடுவான்? அது என்னையே ஏத்திட்டுப் போகமாட்டேங்குது” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எப்போதும் இவன் சொன்னால் சிரித்துவிடுவார்கள்.

குறி குத்தப் பயப்படுகிறவன் யார்? திருடன்தான்.

மார்ச் 5, ஞாயிறு

தேவாலயத்தில் அவனுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்து அவன் பிடரியையே முறைத்தேன். திரும்பிப் பார்த்தான். நல்லது.

மார்ச் 8, புதன்

வாசல் கேட்டில் பலகை மாட்டிவிட்டேன். நானே எழுதினேன், வெள்ளைப் பெயிண்டில். இரண்டு நாள் வேலை. அதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்:

திருடனே. உன்னை எனக்குத் தெரியும். எல்லாப் பொருளிலும் குறி குத்தியிருக்கிறது. நாய் கடிக்கும். நான் எப்போதும் வீட்டில் இருப்பேன், செவ்வாய் மதியம் இரண்டு முதல் நான்கு வரை தவிர.

கடைசி வரியை முதலில் எழுதவில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் பொய் ஆகிவிடுமே? எழுதப் படித்து முதன்முதலில் ஊருக்கு எழுதுவது பொய்யாக இருக்கலாமா?

மாலையில் லோர்கன் வந்து பலகை முன்னால் வெகுநேரம் நின்றான். ஜன்னலைத் திறந்து, “என்னடா, படிக்க வரலையா? நான் படிச்சுச் சொல்லவா?” என்று கத்தினேன். பத்தொன்பது வருடம் காத்திருந்த கேள்வி!

அவன் பலகையை இன்னொரு தடவை பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டே போனான்.

மார்ச் 14, செவ்வாய்

வகுப்பு முடிந்து வந்தால் என் கேட்டுக்குக் குறுக்கே லோர்கனின் சிவப்பு டிராக்டர். காரில் இருந்தபடியே ஹாரன் அடித்தேன். பத்து நிமிடம் கழித்து ஆடி அசைந்து வந்தான்.

“என்ன திமிர்டா இது?”

“வண்டி நின்னுபோச்சு.”

“என் வாசல்லதான் நிக்கணுமா?”

“அதுக்கு உன் வாசல் பிடிச்சிருக்கு போல.”

ஒரே முறுக்கில் ஸ்டார்ட் ஆயிற்று. நின்றுபோன வண்டியாம்!

மார்ச் 21, செவ்வாய்

இன்றும் நிறுத்தியிருந்தான். அதே இடம். வகுப்புக்கும் கூடவே கொண்டுபோன தாயில்லாத ஆட்டுக்குட்டி ஒன்று காருக்குள் பசியில் கத்திக்கொண்டிருக்க, நான் வெளியே நிற்கிறேன். வேண்டுமென்றேதான் செய்கிறான். இவனை விடக்கூடாது.

மார்ச் 28, செவ்வாய்

இன்று ஜெயித்தேன்!

இரண்டு மணிக்குக் கிளம்பினேன். பாதி வழியில் கண்ணாடியை மறந்தது நினைவுக்கு வர, திரும்பினேன். அதற்குள் குறுக்கே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். ஆளைக் காணோம்.

இந்தப் பழைய சிவப்பு டிராக்டர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சாவிதான். எந்த வண்டியின் சாவியும் எந்த வண்டிக்கும் பொருந்தும். எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர் கிடையாது. என் சாவியைப் போட்டேன். கிளம்பியது. சந்து முனைக்கு ஓட்டிப்போய் பெரிய ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்தேன். நடந்து போய் எடுத்து வரட்டும், முழங்கால் வலிக்க வலிக்க.

வகுப்பில் ஒரே சிரிப்பு எனக்கு. கிராண்யா கேட்டாள்: “என்ன மலாக்கி, இன்னிக்கு எழுத்தெல்லாம் குதிக்குது?”

திரும்பி வரும்போது ரோட்டோரத்தில் வண்டி இல்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்தேன். கேட்டைத் திறக்கும்போது லோர்கன் எதிர்ப்பக்கம் நின்றான்.

“வண்டி எங்க?”

“எந்த வண்டி?”

“விளையாடாத. இங்க நிறுத்தின வண்டி.”

“உன் வண்டிக்கு நான் காவலா?” என்றேன்.

அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அப்போதும் எனக்குச் சந்தோஷம்தான். உண்மையை எழுதச் சொன்னாள் அல்லவா, எழுதிவிட்டேன்.

மார்ச் 29, புதன்

காவலர் டேலி வந்தார். பெரிய ரோட்டில் ஒரு லாரியில் சிவப்பு டிராக்டரை ஏற்றியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். சொந்தக்காரன் பழுது பார்க்க அனுப்புகிறான் என்று நினைத்தார்களாம். வண்டியில் குறி குத்தவில்லை. கிடைப்பது கஷ்டம்.

பிறகு பலகையைப் பார்த்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

“மலாக்கி, இத எழுதினது யாரு?”

“நான்தான்.” பெருமையாகத்தான் சொன்னேன்.

“வீட்ல ஆள் இல்லாத நேரத்த வாசல்லயே எழுதி மாட்டியிருக்கீங்களே! மூணு வாரமா செவ்வாய்க்கிழமை ஒரு வெள்ளை வேன் இந்தச் சந்துல நுழைஞ்சு பாக்குது. கேட்டு அடைச்சிருக்கவும் திரும்பிப் போகுது. லோர்கன்தான் எங்களுக்கு போன் பண்ணிச் சொன்னார். நீங்க வர்ற வரைக்கும் வண்டியக் குறுக்க போட்டு வைக்கிறேன்னாரு. உங்க டிரெய்லர எடுத்ததும் அந்த வேன்காரங்களாத்தான் இருக்கணும்.”

நான் நாயைத் தடவிக்கொண்டிருந்தேன். டேலி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். காதில் விழவில்லை.

வண்டியை நகர்த்தியது யார் என்று அவர் கேட்கவில்லை. திருடர்கள்தான் கேட்டிலிருந்தே எடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியும்?

கடைசி வரியைத் தார் பூசி அழித்தேன்.

மார்ச் 30, வியாழன்

ஐயோ, அது லோர்கனோட அப்பா வாங்கின வண்டி.

மார்ச் 31, வெள்ளி

லோர்கனுக்குக் கடிதம் எழுதினேன். நேற்று ஆரம்பித்து இன்று முடித்தேன். ஒன்பது வரி. வண்டியை நகர்த்தியது நான். என் சாவி. கோபத்தில். உன்மேல் திருட்டுப் பழி போட்டதும் தப்பு. என் டிராக்டரை எடுத்துக்கொள்.

நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் போனால் எங்கள் இரண்டு பேர் வாயிலிருந்தும் வேறுதான் வரும். அவன் தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஓடி வந்தேன், இந்த வயதில்.

ஏப்ரல் 2, ஞாயிறு

வந்தான். கதவைத் தட்டவில்லை, உதைத்தான்.

“நீதான் எடுத்தியா?”

“நான்தான்.”

“சந்தையில ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்காடா? பத்தொன்பது வருஷம் கழிச்சா?”

“அதுக்கில்ல. வாசல அடைச்சதுக்கு.”

“காவலுக்கு அடைச்சேன்டா, முட்டாளே!”

“அத வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“யார்கிட்ட? உன்கிட்டயா? நான் இருமினாலே நாய அவுத்து விடுற ஆளு நீ!”

அது உண்மை. “அப்புறம் எதுக்குடா எனக்குக் காவல்?” என்றேன்.

“உன்கிட்ட வர்றவன் அடுத்து என்கிட்டத்தான் வருவான். உன்மேல பாசம்னு நினைச்சுக்காத.”

“என் வண்டிய எடுத்துக்கோ, லோர்கன்.”

“அந்த எலிப்பொறி எனக்கு எதுக்கு?”

கதவு வரை போனவன் நின்றான். பையிலிருந்து என் கடிதத்தை எடுத்துப் பார்த்தான்.

“நீயேதான் எழுதினியா?”

“நானேதான்.”

“தெரியுது” என்று சொல்லிவிட்டு, முற்றத்தில் துப்பிவிட்டுப் போனான். கடிதத்தை மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

ஏப்ரல் 3, திங்கள்

காலை ஏழு மணிக்கு முற்றத்தில் என் டிராக்டர் கிளம்புகிற சத்தம். திருடன் என்று மண்வெட்டியோடு ஓடினேன். மேலே லோர்கன். அவன் வண்டி போய்விட்டது, சாவி அவனிடமே இருக்கிறதே. என்னைப் பார்க்கவே இல்லை. அவன் ஆடுகளுக்குத் தீனி கொண்டுபோனான். பதினொரு மணிக்குக் கொண்டுவந்து விட்டான். கேட்கவும் இல்லை, நன்றியும் இல்லை. இருக்கையில் சேறு. மிருகம்.

ஏப்ரல் 4, செவ்வாய்

மழைக்கு டிராக்டரை விடும் தொழுவத்துப் பூட்டைக் காலையிலேயே எடுத்துவிட்டேன். துருப்பிடித்திருந்தது, அதனால்தான்.

வகுப்பு முடிந்து வந்தால் கேட்டுக்குக் குறுக்கே டிராக்டர். என் டிராக்டர், என் வாசலில். லோர்கன் அவன் வீட்டு ஜன்னலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். என் பையில் சாவி இருந்தது. எடுக்கவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. அவன் குடித்து முடித்து, பூட்ஸ் மாட்டி, நொண்டி நொண்டி வருகிற வரைக்கும் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

டிராக்டரின் டீசல் தொட்டியில் குச்சி விட்டு அளந்து கோடு போட்டு வைத்திருக்கிறேன். என் டீசலை எரித்துத் தீர்க்கிறானா, அவனும் ஊற்றுகிறானா என்பது அடுத்த செவ்வாய்க்குள் தெரிந்துவிடும். தெரிந்ததும் அன்றைக்கே, அவன் வந்து வண்டியை நகர்த்த நான் காத்திருக்கும் நேரத்தில், காரில் உட்கார்ந்தபடியே எழுதுகிறேன்.