அத்தை வீட்டில் இடம் இருக்கிறதா?

என் செல்லத் தம்பி சேகருக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இவ்வளவு நாளும் உன் படத்துக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தேன். இன்று எழுத வேண்டும் போல இருக்கிறது. உன் மகள் தர்ஷினி செய்ததைச் சொல்ல எனக்கு வாய் போதவில்லையடா.

உன்னைத் தேடி ஆட்கள் வந்த அந்த வாரம், ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகேறினாய். தாயில்லாத பிள்ளை, என்னிடம் விட்டுவிட்டுப் போ என்று கெஞ்சினேன். நீ கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவில் உன் அகதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். மேன்முறையீடு இழுத்துக்கொண்டிருக்கும்போதே நீ போய்ச் சேர்ந்தாய். அதன் பிறகு அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. இலங்கைக்குத் திரும்பிப் போக வேண்டுமாம். மாத்தளை ஆஸ்பத்திரியில் பிறந்ததைத் தவிர, இந்த ஊரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

அவளுடைய வழக்கறிஞர் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு என்னிடம் பேசினார். அவளை ஏற்றுக்கொள்ள இங்கே உறவு இருக்கிறதா என்று விசாரணையில் என்னிடம் கேட்பார்களாம். இருக்கிறது என்றால், அனுப்பிவைக்க அதுவே ஒரு காரணமாகலாமாம். பொய் சொல்லும்படி அவர் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவள் வந்துவிட மாட்டாளா என்ற ஆசையும் எனக்கு இருந்தது. இரத்தோட்டையில் மிளகு தரம் பிரிக்கும் ஸ்டோரில் என்னோடு வேலை செய்யும் ரிஸ்னாவும் அதைத்தான் சொன்னாள்.

"வந்தா ஒங்களுக்குத் தொணதானே அக்கா? சட்டம்னா எல்லாருக்கும் ஒன்னுதானே."

என் ஆசைக்காக ஒரு பிள்ளையின் வாழ்க்கையைப் பிடுங்கலாமா? அதற்காக, என் தம்பி மகள் எனக்கு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

கடைசியில் அவளிடமே கேட்டேன். "எடமில்லன்னு சொல்லிடவா தங்கம்?"

"வேணாம் அத்த. உண்மையவே சொல்லுங்க. நீங்க என்னைய வேணாம்னு சொல்லித்தான் நான் இங்க இருக்கணும்னா, அப்படி இருக்க வேணாம்."

பதினெட்டு வயதடா அவளுக்கு! பேச்சு அப்படியே உன்னுடையது.

விசாரணையன்று விடியற்காலையிலேயே வீடியோ அழைப்புக்காகப் போனைச் சுவரில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். அந்தக் கேள்வி வந்தது.

"எங்க வீட்டுல அவளுக்கு எப்பவும் எடம் இருக்குங்க" என்றேன். "ஆனா நான் அவ மேல பாசம் வச்சிருக்கிறத, அவள வெரட்டுறதுக்குக் காரணமா எடுத்துக்காதீங்க."

மொழிபெயர்த்தவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார்; அங்கே பேசியதை எனக்குத் தமிழில் சொன்னார்.

பிறகு ஒரு வெள்ளைக்காரப் பெரியவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். படிப்புக்கு நடுவில் அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருப்பவர். "படகில் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்" என்று தொடங்கினார். "ஆனால் அந்தப் படகை ஓட்டி வந்தது இந்தப் பிள்ளை இல்லையே" என்றார்.

அவர் பேசி முடித்ததும் தர்ஷினி என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து போய், அவர் முழங்காலில் இருந்து நழுவிய போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் கத்தி தொங்குகிற நேரத்தில் அவளுக்கு அது கண்ணில் பட்டிருக்கிறது! அந்தச் சின்னத் திரையைப் பார்த்தபடி என்னை அறியாமல் கை கூப்பிவிட்டேன்.

நேற்று முடிவு வந்தது. அவள் அங்கேயே இருக்கலாம். போனில் இரண்டு பேரும் அழுதோம். வைத்த பிறகு நான் இன்னும் கொஞ்சம் அழுதேன், அது எனக்காக.

நான் வளர்க்காத பிள்ளை. நீயும் பாதியில் விட்டுப் போன பிள்ளை. இவ்வளவு பெரிய மனசு அவளுக்கு எங்கிருந்து வந்தது, சேகர்? நீ கொடுத்ததா, அந்த ஊர் கொடுத்ததா? எனக்குப் பிடிபடவில்லை.

பயணப் பத்திரமெல்லாம் சரியானதும் ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போகிறாளாம். ஊரில் ஆளுக்கு ஆள் கேட்பார்கள், "ஒனக்கு அங்க புடிச்சிருக்கா, இங்க புடிச்சிருக்கா?" என்று. நான் மட்டும் அதை ஒருநாளும் கேட்க மாட்டேன். இது உனக்கு நான் பண்ணித் தருகிற சத்தியம்.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
செல்வி