மருதமுனைக் கடலின் நீலம்

லாகூர்
12.01.2024

அன்பின் தங்கச்சி ஸாலிஹா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் நதீம் மச்சானின் கண்ணில் படர்ந்திருந்த புரையை எடுத்தாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். கட்டை அவிழ்த்ததும் என் தலையைப் பார்த்து, "இதெல்லாம் எப்ப நரைச்ச?" என்று கேட்கிறார். அது நரைத்து எத்தனையோ காலம், இவர்தான் புரைக்கண்ணால் மங்கின மஞ்சளாகக் கண்டிருக்கிறார்.

சிரிப்பு அத்தோடு போயிற்று. அண்மையில் நினைவில் இருந்து வரைந்த எண்ணெய் வர்ணப் படங்களை எடுத்துப் பார்த்தார். எல்லாம் அளவு மீறின நீலம். புரை நீலத்தை மங்கவைக்குமாம், அதனால் கூட்டிப் பூசியிருப்பார். லாகூரில் எல்லோரும் புகழ்ந்த படங்கள்! கண்ணால் வந்த பிழையா, கையும் போய்விட்டதா என்று பயந்து தூரிகையைத் தொடவே மாட்டேனென்கிறார். நதீமைப் போன்ற ஓவியர் வரையாமல் வீட்டில் இருந்தால் என் பாடு என்ன, யோசித்துப் பார்.

உன் மகள் பஸ்னாவின் கலியாணத்துக்கு அவர் அனுப்பிய கடல் படத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார். போட்டோ அனுப்பாதே, போனில் நிறம் மாறிவிடுமாம். உள்ளதை எழுது.

உன் ராத்தா
ஹப்ஸா


மருதமுனை
03.02.2024

அன்பின் ராத்தாவுக்கும் மச்சானுக்கும் ஸலாம்.

வெயில் ஏறினதும் பஸ்னாவும் நானும் படத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். கரைவலைக்காரருக்கு நல்ல வேடிக்கை. "என்ன புள்ள, கடல விக்கப் போறியா?" என்றார் ஒருவர்.

உள்ளதை எழுதச் சொன்னீர்கள். மச்சானின் கடல் பிழை. மைப்போத்தல் உடைந்தது மாதிரி இருக்கிறது. கலியாண வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் படத்தில் இருக்கிற தோணியைக் கண்டதும் அதே மனுசன், "இது நம்மட காலிதீன்ட தோணி" என்றார். மச்சான் இங்கே வந்தபோதெல்லாம் அதன் நிழலில்தானே இருப்பார்! தோணி சாய்ந்து நிற்கிற அந்தச் சரிவு படத்தில் அப்படியே இருக்கிறது.

சாறன் துணி நெய்ய நூல் எடுத்தால் வாசல் வெளிச்சத்தில் வைத்துத்தானே நிறம் பார்ப்போம். அப்படியே நம்மட தறி நூல்களைக் கடலோடு பிடித்துப் பார்த்தேன். பொருந்தினதை இதோடு வைத்திருக்கிறேன். மச்சானைப் பகலில் பார்க்கச் சொல்லுங்கள். படத்தைத் திருப்பித் தர பஸ்னா விடமாட்டாளாம்.

உங்கள் தங்கச்சி
ஸாலிஹா


லாகூர்
25.02.2024

என் தங்கமே ஸாலிஹா,

ஸலாம். நூலை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றார். உன் கடிதத்தை உருதுவில் சொல்லிக்கொண்டு வந்தேன். மைப்போத்தல் கதையைச் சொல்லாமல் மெல்ல விழுங்கப் பார்த்தேன், கண்டுபிடித்துவிட்டார். சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். தோணிக் கதைக்கு வந்ததும் அழுதுவிட்டார். "கை போகல்ல ஹப்ஸா, கை போகல்ல" என்று ஒரே புலம்பல்.

அன்றைக்கே நீர்வர்ணத் தட்டைக் கழுவினார். எண்ணெய் வர்ணத்தில் பிழைக்கு மேலே பூசி மறைக்கலாம், நீர்வர்ணத்தில் வைத்தது வைத்ததுதான், அதனால் அதில்தான் தொடங்கவேண்டுமாம். வரைவதற்கு முன்னால் வந்து இருக்க என்னைத்தான் கேட்டார். நம்மட வாப்பா வீட்டில் உருவப்படமே இல்லாமல் வளர்ந்த நான் இத்தனை வருஷமும் முகத்தை வரைய விட்டதில்லை. இப்போதும் முகம் வேண்டாமென்று, முக்காட்டை எடுத்துவிட்டு முதுகைக் காட்டி இருந்தேன். வீடு முழுக்கப் பழையபடி வர்ணமும் அழுக்குத் துணியும். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

முடிந்ததும் பார்த்தேன். தலையில் நிறமே வைக்கவில்லை, கடதாசியின் வெள்ளையை அப்படியே விட்டிருக்கிறார். "கொஞ்சமாவது கறுப்பு வச்சா என்ன?" என்று சண்டைக்குப் போனேன்.

"உள்ளத எழுதச் சொன்னது நீதானே" என்கிறார்.

உன் நரைத்த ராத்தா
ஹப்ஸா