கண்ணாடியில் உன் மூச்சு

மழை விட்டதே என்று இன்று காலை பெட்டியைத் திறந்தேன். பூஞ்சை பிடித்த சட்டைகளை வெயிலில் போட எடுத்தபோது, அடியில் பழைய வேட்டியில் சுற்றியபடி உன் நெஞ்சை எடுத்த எக்ஸ்ரே கண்ணாடித் தகடு இருந்தது. கல்கத்தா ஈரத்தில் கண்ணாடி மங்கியிருந்தது. துடைக்கலாம் என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஊதினேன். ஊதியிருக்கக் கூடாது.

என் மூச்சு உன் விலா எலும்புகளின் மேல் படர்ந்து, மெல்லச் சுருங்கி மறைந்தது. மறுபடி ஊதினேன். மறுபடி விரிந்து சுருங்கியது. நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. உன் நெஞ்சு என் கையில் மூச்சு விட்டது. தகட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். பயந்துவிட்டேன் என்றால் சிரிப்பாய். சிரித்துக்கொள்.

பவானிப்பூர் அறையில் நாம் இரண்டே பேர். நான் அலிப்பூர் சர்க்கார் ஆபீஸில் காகிதங்களோடு மாரடித்தேன். நீ ஆஸ்பத்திரியில் அந்த எக்ஸ்ரே இயந்திரத்தோடு. சோற்றில் வங்காளத்துக் கசகசாக் குழம்பைப் பிசைந்துகொண்டே நீ நுரையீரலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாய். அதற்குள் கசகசா மாதிரி காற்றுப் பைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம். மூச்சில் அவை திறந்து மூடுவதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டுமாம். எனக்குச் சாப்பாடே இறங்காது.

தகட்டில் படம் விழப் பல விநாடிகள் ஆகும். அதுவரை நோயாளி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அது உனக்குப் பிடிக்கவில்லை. "அசையாத நெஞ்சைத்தான்டா படம் பிடிக்கிறோம். பொணத்துக்கும் இதே படம்தான் விழும்," என்றாய். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடிக்க நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். நெஞ்சு நிரம்பும் கணத்தில் மட்டும் விசையை அழுத்துவது, இறங்கும்போது எடுத்துவிடுவது. இப்படித் துண்டு துண்டாக ஒரே தகட்டில் படத்தைச் சேர்ப்பது. அதற்கு நிற்க ஓர் ஆள் வேண்டும். நான்தான் இருக்கிறேனே.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பகலில், ஆள் நடமாட்டமில்லாத ஆஸ்பத்திரியில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி அறையை இருட்டாக்கினாய். இயந்திரத்தின் கண்ணாடிக் குமிழ் பச்சையாக மினுங்கியது. முதலில் நீ, கதிர் பட்டால் ஒளிரும் அட்டைக்குப் பின்னால் போய் நின்று என்னைப் பார்க்கச் சொன்னாய். முகம் இல்லை. விலா எலும்புகள் மட்டும் ஏறி இறங்கின. நீ சிரித்தாய், எலும்புகள் குலுங்கின. அதற்குப் பிறகு நீ சிரித்தபோதெல்லாம் எனக்கு முதலில் தெரிந்தது அதுதான்.

பிறகு தகடு. "இழு... விடு... இழு... விடு..." என்று நீ சொல்லச் சொல்ல நான் மூச்சு விட்டேன். அடுத்து நீ நின்றாய், நான் விசையை அழுத்தினேன். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் இரண்டையும் கழுவி எடுத்தோம். என் நுரையீரல் வெறும் கறுப்பு. உன்னுடையதில், கறுப்பின் மேல்மூலையில், பொடிப்பொடியாக வெளுத்த புள்ளிகள். கசகசாவேதான்.

"தெரியுதுடா! உன் காத்துப் பையெல்லாம் தெரியுது!" என்று நான் குதித்தேன்.

நீ தகட்டை விளக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாய். "நல்ல காத்துப் பை கண்ணுக்குத் தெரியாதுடா," என்றாய். பிறகு, "மூச்சு விடாதே."

ஈரத் தகட்டில் மூச்சு படக்கூடாது போலிருக்கிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சு வலித்தது. நீ திரும்பிப் பார்த்து, "மடையா, யார்கிட்டயும் சொல்லாதேன்னேன்," என்றாய். அந்த நிலையிலும் உனக்குச் சிரிப்பு வந்தது. நான் மூச்சை விட்டேன். மூச்சை மட்டும்.

க்ஷயம் என்று தெரிந்தால் ஆஸ்பத்திரி டாக்டர் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார். இயந்திரம் கைவிட்டுப் போய்விடும். உனக்கு அதுதான் கவலை. கொஞ்ச நாளில் உன் இருமல் பக்கத்து வீடுவரை கேட்டது. உன் அப்பா எனக்குத் தனியாகக் கடிதம் போட்டார்: பையன் எழுத்து கோணிப்போகிறதே, உடம்புக்கு ஏதாவதா, ஒளிக்காமல் எழுது என்று. கல்கத்தாவின் கரிப்புகை, இங்கே எல்லோரும் இருமுகிறோம் என்று அழகான கையெழுத்தில் பதில் எழுதினேன். நிஜத்தை எழுதியிருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் அன்றே ரயிலேறியிருப்பார். கடைசியில் அவர் உன் பக்கத்தில் இருந்திருப்பார். எல்லாம் முடிந்து இரண்டாம் நாள்தான் ஹௌரா ஸ்டேஷனில் வந்து இறங்கினார். "உனக்கு முன்னாடியே தெரியுமாப்பா?" என்று கேட்டார். இல்லை என்றேன். என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அதை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

மத்தியானம் தகட்டை மறுபடி எடுத்தேன். ஊதினேன். ஆவி ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் அந்தப் புள்ளிகளின் மேல் மட்டும் நின்றது. நாலைந்து தடவை ஊதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அங்கேதான் நிற்கிறது, போகமாட்டேன் என்கிறது. அது போகட்டும் என்று காத்து நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது நெஞ்சு வலித்த பிறகுதான் தெரிந்தது.

உன் அப்பாவுக்குக் கடிதம் எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறேன். 'எனக்கு முன்பே தெரியும்' என்பதுதான் முதல் வரி. நாளைக் காலை தபாலில் சேர்த்துவிடுவேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் மூச்சு விடுகிறேன்டா.